அறுபத்தேழு வயது நண்பருடன் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில்: யாருடைய வேகத்தில் ஓட்டுவது?

கிழக்குக்கரை:

சென்ற தை மாதம் திருவான்மியூரிலிருந்து கன்னியாகுமரி வரை, கூடுமானவரை கடலை ஒட்டியே, சைக்கிளில் போனேன். உடன் வந்தவர் என்னைவிட இருபத்தைந்து வயது மூத்த நண்பர். எனக்கு 42, அவருக்கு 67. ஓட்டியது 13 நாள், ஓய்ந்தது ஒரு நாள், தொலைவு 830 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தங்குமிடம், சாப்பாட்டுக்கடை, சாலையின் நிலை ஆகியவற்றைப் பற்றி இங்கே பலர் முன்பே எழுதியிருப்பதால் அவற்றைத் தவிர்க்கிறேன். வயதில் மூத்தவருடன் நீண்ட தூரம் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை, நான் தாமதமாக அறிந்துகொண்ட முறையோடு சேர்த்துச் சொல்லவே இந்த இழையைத் தொடங்குகிறேன். இது குறித்து உங்கள் அனுபவமும் எனக்குத் தேவை.

அண்ணாச்சி சென்னையில் 34 ஆண்டுகள் தபால்காரராக இருந்தவர். சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். பணியில் இருந்த காலமெல்லாம் சைக்கிள்தான். ஓய்வுபெற்ற பிறகும் அதே ஹெர்குலிஸ்தான். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், கியர் கிடையாது, கேரியரும் ஸ்டாண்டும் சேர்ந்து எடை இருபது கிலோவைத் தாண்டும். என்னுடையது அலுமினியச் சட்டம் கொண்ட கியர் சைக்கிள். ஒரு முறையாவது ஊருக்குச் சைக்கிளிலேயே போய்ச் சேர வேண்டும் என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார். "நானும் வருகிறேன்" என்று நான் ஒரு நாள் வாய் தவறிச் சொன்னதை அவர் மறக்கவில்லை.

சமதளத்தில் அவர் மணிக்கு 13 முதல் 14 கிலோமீட்டர் போவார். காலையிலும் அதே வேகம், மாலையிலும் அதே வேகம். நான் சாதாரணமாக ஓட்டினாலே 19, 20 வரும். முதல் மூன்று நாளும் நான் செய்தது, இந்த நிலையில் எல்லாரும் செய்வதுதான். முன்னே போய்விடுவேன், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு டீக்கடையிலோ புளியமரத்தடியிலோ காத்திருப்பேன், அவர் வந்ததும் கிளம்புவேன். பெருந்தன்மையாகத்தான் நடந்துகொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் சிதம்பரத்திலிருந்து காரைக்காலுக்குப் போகும் வழியில் தரங்கம்பாடிக் கோட்டை அருகே அவருக்காக உட்கார்ந்திருந்தேன். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, படம் எடுத்து, இரண்டு டீயும் குடித்து முடித்தபோது அவர் வந்து ஸ்டாண்டு போட்டார். நான் வழக்கம்போல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு "கிளம்பலாமா அண்ணாச்சி?" என்றேன். அவர் கோபமாக எதுவும் சொல்லவில்லை. கைப்பிடியில் தொங்கிய துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ உக்காந்து எந்திச்சாச்சு தம்பி. நான் இப்பந்தான வாரேன்" என்றார்.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 20 நிமிடம் என நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓய்வெடுத்திருக்கிறேன். அவருக்கோ மதியச் சாப்பாட்டைத் தவிர ஐந்து நிமிடம்கூடக் கிடைத்ததில்லை. எங்கள் இருவரில் வலுக் குறைந்தவர் ஓய்வே இல்லாமலும், வலு மிகுந்தவன் ஓய்வு எடுத்து எடுத்தும் மூன்று நாள் ஓட்டியிருக்கிறோம். இதை நான் காத்திருத்தல் என்று அழைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று முதல் அவரை முன்னே விட்டுப் பின்னால் போனேன். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பியது என் இரண்டாவது தவறு. எட்டாம் நாள் மாலை தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம் போய்ச் சேர்ந்து, விடுதி அறையில் அவர் சாக்ஸைக் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றி அதன் பட்டை பதிந்த இடம் விரற்கடை ஆழத்துக்குப் பள்ளமாக இருந்தது. அதற்கு மேலும் கீழும் வீக்கம். தலை பாரமாக இருப்பதாகவும் சொன்னார். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டதற்கு "உம்" என்றார். பையில் இருந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். பத்து மாத்திரை கொண்ட அட்டை அது. எட்டு நாளில் இரண்டுதான் மீதமிருக்க வேண்டும், ஏழு இருந்தன. இரத்த அழுத்தத்துக்கு அவருக்குக் கொடுத்திருந்தது சிறுநீரைக் கூடுதலாகப் பிரியவைக்கும் வகை மாத்திரை. அதைப் போட்டால் முற்பகலில் நான்கைந்து முறை இறங்க வேண்டியிருக்கிறது, இறங்கினால் பின்தங்க வேண்டியிருக்கிறது, தம்பி காத்துக்கொண்டிருப்பான் என்று நான்காம் நாள் காலையில் நிறுத்தியிருக்கிறார். அதாவது, தரங்கம்பாடியில் அந்த வார்த்தையைச் சொல்வதற்குச் சில மணி நேரம் முன்பு. நான் பின்னால் வரத் தொடங்கிய பிறகும் நிறுத்தியதை நிறுத்தியதாகவே விட்டுவிட்டார்.

அவருடைய வழக்கமான மருத்துவரிடம் அன்றிரவே தொலைபேசியில் பேசினோம். அருகில் இருந்த ஒரு மருத்துவமனையில் அழுத்தம் பார்த்தார்கள். மாத்திரையை மீண்டும் தொடங்கி, மறுநாள் முழுக்க மிதிக்கக் கூடாது என்றார் மருத்துவர். அதனால் ஒன்பதாம் நாள் சைக்கிள்களை விடுதியில் விட்டுவிட்டுத் தனுஷ்கோடிக்குப் பேருந்தில் போய்வந்தோம்.

என் கேள்வி இதுதான். வேகம் வேறுபடுகிற இருவர் பல நாள் சேர்ந்து போகும்போது நீங்கள் என்ன ஏற்பாடு செய்துகொள்கிறீர்கள்? யார் முன்னே போவது, எங்கே சந்திப்பது, எதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுவிடுவது?

நெடுமிதி:

விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் நீங்கள் வந்தடைந்த முடிவில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

நான் பிரெவே எனப்படும் நெடுந்தொலைவுச் சவாரிகளில் ஓட்டுகிறவன். அங்கே 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 300ஐ 20 மணி நேரத்திலும், 400ஐ 27 மணி நேரத்திலும், 600ஐ 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். இந்த மரபுக்கு மூலமான பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் 1891இல் போட்டியாகத் தொடங்கியது. இன்றைக்கு அது போட்டி அல்ல, 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்கும் சவாரி. அறுபதைக் கடந்தவர்கள் அதை முடிப்பது அரிதான செய்தியும் இல்லை. அங்கே நாங்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம், அடுத்தவர் வேகத்தில் ஓட்டாதே என்பது. தன்னுடைய இயல்பைவிட வேகமாக ஓட்டுகிறவர் களைத்துப்போவது எல்லாருக்கும் தெரியும். மெதுவாக ஓட்டுகிறவருக்கும் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் கூடி, கையும் கழுத்தும் பின்புறமும் புண்ணாகும் என்பதை யாரும் சொல்வதில்லை. 13 நாளும் உங்கள் அண்ணாச்சியின் பின்னாலேயே ஊர்ந்திருந்தால் நீங்கள்தான் முதலில் விழுந்திருப்பீர்கள்.

எனவே பிரிந்தே ஓட்டுங்கள், ஆனால் கிளம்பும் நேரத்தை மாற்றுங்கள். 30 கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஊரைக் காலைச் சிற்றுண்டிக்கு வைத்துக்கொண்டால், மணிக்கு 13.5 கிலோமீட்டர் போகிறவருக்கு 2 மணி 13 நிமிடமும், 19 போகிறவருக்கு 1 மணி 35 நிமிடமும் ஆகும். அவர் 38 நிமிடம் முன்னதாகக் கிளம்பட்டும். இருவரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்து, ஒரே அளவு உட்கார்ந்து எழுந்திருப்பீர்கள். ஒருவர் காத்திருப்பதும் இல்லை, ஒருவர் துரத்துவதும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ராமேசுவரத்துக்குப் பேருந்தில் போனதை நான் குறையாகவே கருதுகிறேன். பாம்பன் சாலைப்பாலத்தின் உச்சியில் நின்று இருபுறமும் கடலைப் பார்க்காத கிழக்குக் கடற்கரைப் பயணம் என்ன பயணம்?

கிழக்குக்கரை:

38 நிமிடக் கணக்கு மிகச் சரி. நாங்களும் ராமநாதபுரத்துக்குப் பிறகு ஏறத்தாழ அதைத்தான் செய்தோம், ஆனால் ஒரு திருத்தத்தோடு. தை மாதத்தில் விடிய ஆறரை ஆகிவிடுகிறது. அண்ணாச்சி நான்கரைக்கே எழுந்து குளித்து நிற்பவர். அவரைத் தனியாக இருட்டில் அனுப்பிவிட்டு நான் அறையில் இருப்பது முடியாத காரியம்; அவருடைய டைனமோ விளக்கு, மிதித்தால்தான் எரியும், நின்றால் அணைந்துவிடும். ஆகவே விடியும்வரை சேர்ந்தே போவோம். நான் பின்னால் சிவப்பு விளக்கோடு வருவேன். வெளிச்சம் வந்ததும் நான் ஏதாவது ஓரிடத்தில் இறங்கி அரை மணி நேரம் நின்று, பறவையோ உப்பளமோ பார்த்துவிட்டுக் கிளம்புவேன். ஓய்வெடுப்பவன் நானாக இருந்தாலும், அவர் வந்து நிற்கும்போது எழுகிறவனாக நான் இல்லை.

பாம்பன் பற்றி: பேருந்தின் ஜன்னலோரத்தில் அவரை உட்கார வைத்திருந்தேன். வடகிழக்கிலிருந்து அடித்த காற்றில் எதிரே வந்த பைக்குகள் சாய்ந்தபடி போவதைப் பார்த்துவிட்டு, "மாத்திரை நல்லதுதான் செஞ்சிருக்கு" என்றார்.

புதுகைச் சைக்கிள்:

இந்த இழையில் ஒரு பெண்ணின் குரலும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் வழியாகத்தான் நீங்கள் இருவரும் போயிருப்பீர்கள். அது எங்கள் புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். வயல்வேலைப் பெண்கள், கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், செவிலியர்கள் என்று பல்லாயிரம் பேர் கற்றோம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பலர் ஆண்கள் சைக்கிளிலேயே கற்றார்கள். பின்னால் அதுவே வசதி என்றும் சொன்னார்கள், ஏனென்றால் முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். எனக்கு அப்போது 17 வயது. சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்து கற்றுக்கொடுத்த அக்காவுக்கு இப்போது 64. ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் இருவரும் அறந்தாங்கியிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போகிறோம்.

அண்ணாச்சி மாத்திரையை நிறுத்தியது எனக்குச் சற்றும் வியப்பாக இல்லை. நாங்கள் தண்ணீரையே நிறுத்துகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பழக்கம் அது. பேருந்துப் பயணம், திருமண வீடு, வயல் என்று எல்லா இடத்திலும் தொடர்கிறது. முதல் முறை வேளாங்கண்ணிக்குப் போனபோது காலையிலிருந்து மதியம் வரை இருவரும் ஒரு பாட்டில் தண்ணீரைக்கூட முடிக்கவில்லை. அதிராம்பட்டினத்தைத் தாண்டியதும் அக்காவுக்குக் கால் இழுத்துக்கொண்டு, சாலையோரத்தில் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் எழவில்லை. வெயில் என்று நினைத்தோம்.

இப்போது எங்கள் திட்டத்தை நாங்கள் கழிப்பறையிலிருந்துதான் தொடங்குகிறோம். எந்தப் பெட்ரோல் பங்கில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எந்தத் தேவாலயத்தில் கேட்டால் திறந்துவிடுவார்கள், எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது போகலாம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டு கழிப்பறைகளுக்கு நடுவே 15 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் அந்தப் பகுதியை விடியுமுன் கடந்துவிடுவோம். வேகத்தைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. நோட்டில் உள்ள இடங்கள்தான் வேகத்தை முடிவு செய்கின்றன.

நெடுமிதி அவர்களின் கணக்கில் 30 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் வருகிறது. 67 வயதுக்காரருக்கு, அதுவும் அந்த வகை மாத்திரை போடுகிறவருக்கு, அது எப்படிப் போதும்?

நெடுமிதி:

நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றவே இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். 30 என்பதை 15 என்று மாற்றிக்கொள்ளுங்கள்; முன்கிளம்பும் நேரம் 19 நிமிடமாகும்.

இரவுப்பணி:

நான் பொது மருத்துவர். ஒருவரை நேரில் பார்க்காமல் மருந்தைப் பற்றி அறிவுரை சொல்லக் கூடாது என்பதால் பொதுவாக மட்டும் எழுதுகிறேன்.

சிறுநீர்பெருக்கி மாத்திரையை ஒருவர் தாமாக நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதும், உடலில் நீர் கோத்துக் கால் வீங்குவதும் எதிர்பார்க்கக்கூடியவையே. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பயணம் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டே நாள் முழுவதும் வெயிலில் வியர்த்தால், வியர்வையிலும் சிறுநீரிலும் சேர்ந்து உப்பு இறங்கும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், காரணமில்லாத சோர்வு, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்களாக இருக்கலாம். எனவே போடுவதா நிறுத்துவதா என்பதைச் சாலையில் முடிவு செய்யக் கூடாது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் போய், "நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயிலில் சைக்கிள் ஓட்டப்போகிறேன்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். போடும் வேளையையோ அளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். "வெளியூர் போகிறேன்" என்று மட்டும் சொன்னால் அவர் ரயில் பயணத்தை நினைத்துக்கொள்வார்.

வயது ஏற ஏறத் தாக உணர்வு மழுங்குகிறது. தாகம் எடுக்கும்போது குடித்துக்கொள்ளலாம் என்பது இளைஞர்களுக்கு ஓரளவு பொருந்தும், மூத்தவர்களுக்குப் பொருந்தாது. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்துதான். உப்புப் போட்ட மோர், நீராகாரம் இரண்டும் நல்லவை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உப்புச் செறிவு கூடினால் பயன் குறையும். இரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் உள்ளவர்கள் இதையும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே எடுக்க வேண்டும்.

இன்னொரு கருத்து. அட்டையில் மாத்திரையை எண்ணிப் பார்த்தது நல்ல காரியம். ஆனால் எட்டாம் நாள் எண்ணியதை முதல் நாளிலிருந்தே எண்ணியிருக்கலாம்.

கோட்டம்:

நான் ஒரு சிற்றூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். உடம்பைப் பற்றி மருத்துவர் சொல்லிவிட்டார். வண்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்றுதான் எழுதுகிறேன். ஏனென்றால் அண்ணாச்சியின் வேகக் குறைவில் ஒரு பங்கு வயதுக்கு உரியது, ஒரு பங்கு பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்கு உரியது.

அந்த வகை வண்டியில் பொதுவாக முன்னே 44 பல், பின்னே 18 பல் இருக்கும். 28 அங்குலச் சக்கரத்துக்கு, பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்தே கால் மீட்டருக்குமேல் நகரும். மணிக்கு 13.5 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 42 சுற்றுத்தான் வருகிறது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் வாங்கும் சுமை அதிகம் என்று அதற்குப் பொருள். பின்னே 20 பல் ஃப்ரீவீல் மாட்டினால் அதே வேகத்துக்கு 46, 47 சுற்று வரும். எதிர்க்காற்றிலும் பாலத்து ஏற்றத்திலும் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிராது. செலவும் அதிகமில்லை, செயினில் ஒன்றிரண்டு கண்ணி கூட்ட வேண்டிவரலாம், அவ்வளவுதான். சீட்டு உயரத்தையும் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக வேண்டும். தபால்காரர்கள், பால்காரர்கள் எல்லாரும் அடிக்கடி கால் ஊன்ற வேண்டியிருப்பதால் சீட்டைத் தாழ்த்தியே வைத்திருப்பார்கள். பீட்டுக்கு, அதாவது வீடு வீடாகப் போகும் சுற்றுக்கு, அது சரி. நாளுக்கு 65 கிலோமீட்டருக்கு அது முழங்காலைத் தின்றுவிடும்.

ஆனால் அவர் பழைய வண்டியை மாற்றாமல் வந்தது மிகச் சரியான முடிவு. உங்கள் கியர் சைக்கிளின் 700 அளவு டயரும் டியூபும் மரக்காணத்திலோ சாயல்குடியிலோ கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய 28க்கு எந்த ஊரிலும் கிடைக்கும். வால்வு போனால்கூட விரல்நீள வால்வு ரப்பர் போதும். காட்டர் பின், பால்ஸ், போக்ஸ் கம்பி எதுவானாலும் கடைக்காரர் டப்பாவில் கைவிட்டு எடுத்துக்கொடுப்பார். உங்கள் சக்கரத்தில் வால்வு ஓட்டை பெரியதாக இருந்தால் அவசரத்துக்கு அவருடைய டியூப் உங்கள் டயருக்குள் போகும். அவருடைய டயர் மட்டும் உங்கள் ரிம்மில் ஏறாது. ஒன்று 635 மில்லிமீட்டர், மற்றது 622.

ராமநாதபுரம் மாவட்டத்தில் முள்ளுக்கு என்ன செய்தீர்கள்?

கிழக்குக்கரை:

முள் எனக்குத்தான், ஐந்து முறை. அவருக்கு ஒரு முறை.

கீழக்கரையைத் தாண்டியதும் சாலையின் இரு ஓரத்திலும் சீமைக்கருவேலம். லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கினால், ஏறும்போது முள்ளோடுதான் ஏற வேண்டும். முதல் பஞ்சரை நானே ஒட்டினேன். டயருக்குள் விரலை ஓட்டித் தடவிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று காற்றடித்தேன்; இரண்டு கிலோமீட்டரில் மறுபடியும் இறங்கிவிட்டது. அண்ணாச்சி வந்து சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார். தம் பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து உருட்டி டயரின் உட்புறம் மெல்ல இழுத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் பஞ்சின் ஓர் இழை நின்றுவிட்டது. கண்ணுக்கும் விரலுக்கும் தட்டுப்படாத முள்முனை, மேலே ஒடிந்து, உள்ளே அரிசிக் குருணை அளவுக்கு நின்றிருந்தது. நகவெட்டியால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். பஞ்சு எதற்குப் பையில் என்று கேட்டேன். இருபது ஆண்டுகளாக இருக்கிறதாம்.

நீங்கள் சொன்ன சீட்டு உயரமும் உண்மைதான். தூத்துக்குடியில் அவர் சம்மதத்தோடு இரண்டு விரற்கடை உயர்த்தினேன். முதல் நாள் முழுவதும் வைதுகொண்டே வந்தார். மறுநாள் கீழே இறக்கட்டுமா என்றேன், கிடக்கட்டும் என்றார்.

முதல்மிதி:

என் தாய்மாமாவுக்கு 61 வயது. இருவரும் ஆனி மாதத்தில், என் கல்லூரி விடுமுறையில், இதே வழியில் போகலாம் என்று இருக்கிறோம். கன்னியாகுமரியிலிருந்து தொடங்குவதா, சென்னையிலிருந்து தொடங்குவதா? திரும்பி வரும்போது சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியுமா?

கிழக்குக்கரை:

இந்தச் சாலையில் மூத்தவருடன் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது காற்று. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், தெற்கு நோக்கிப் போகிறவருக்கு முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவது போல இருக்கும். வேதாரண்யத்துக்குப் பிறகு கரை மேற்கே திரும்பும்போதும் அது பின்னாலோ வலப்பக்கமோதான் இருக்கும். எங்கள் பயணம் முழுவதிலும் நேர் எதிர்க்காற்று என்று சொல்லத்தக்கது, வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரையைப் பார்க்கப் போய்த் திரும்பியபோது அடித்தது மட்டும்தான். 1930இல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய அகத்தியன்பள்ளி அந்த வழியில்தான் இருக்கிறது. உப்பளங்களுக்கு நடுவே ஒதுங்க ஒரு மரம் இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறைவான தொலைவைக் கடக்க அண்ணாச்சிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அப்போது மட்டும் நான் முன்னே போய், அவர் சக்கரத்துக்குச் சற்று முன்னால் காற்றை மறைத்துக்கொண்டு ஓட்டினேன். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், எதிர்க்காற்று நாளில் பின்னால் வருகிறவருக்குக் கிடைக்கும் சேமிப்பு பெரிது. மெதுவாகப் போகிறவரை எப்போதும் முன்னே விடு என்ற என் விதிக்கு இது ஒன்றே விலக்கு.

ஆனி, ஆடியில் இதெல்லாம் தலைகீழ். தென்மேற்கிலிருந்து வரும் காற்று கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று. அப்போது போவதானால் கன்னியாகுமரியிலிருந்து வடக்கே வாருங்கள். ஆனாலும் உங்கள் மாமாவின் வயதுக்கு வெயிலை நினைத்துப் பாருங்கள். விடுமுறைக்காக மாதத்தைத் தேர்ந்தெடுக்காமல் பொங்கலை ஒட்டி ஒரு வாரம் மட்டும் போய்வருவது மேல். பாதி வழி போனால் போதும். பொங்கல் சமயத்தில் தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் சாலையோரமெல்லாம் அவித்த பனங்கிழங்கு கிடைக்கும்; எங்களுக்கு இரண்டு நாள் காலைச் சிற்றுண்டி அதுதான். பதநீர் இன்னும் இறங்கவில்லையே என்று அண்ணாச்சிக்குத்தான் வருத்தம்.

ரயிலில் ஏற்றலாம். உங்கள் பயணச்சீட்டைக் காட்டிப் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிய வேண்டும். நேரத்தோடு போங்கள், சாக்குச் சுற்றி, பெயரும் சேரும் நிலையமும் இரண்டு இடத்தில் எழுதிக் கட்டுங்கள். பெடலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்து சேர்ந்த சைக்கிளில் கியர் மாற்றி வளைந்திருந்தது. அண்ணாச்சியின் ஹெர்குலிஸ் அப்படியே இருந்தது, அதன்மேல் யாரோ மூன்று மூட்டை அடுக்கியிருந்தும்.

பீட்14:

கிழக்குக்கரை குறிப்பிட்டிருக்கும் அண்ணாச்சி நான்தான். என் பேத்தி இந்த இழையைக் காட்டினாள். கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுத்ததும் அவள்தான். தம்பி எழுதியிருப்பது பெரும்பாலும் சரி. இரண்டு இடத்தில் திருத்தம் உண்டு.

மாத்திரையை நிறுத்தியதற்குத் தம்பியின் வேகம் காரணம் என்று எழுதியிருக்கிறார். அன்று அறையில் நானும் அப்படித்தான் சொன்னேன். புதுகைச் சைக்கிள் அம்மா எழுதியதைப் படித்த பிறகு யோசித்துப் பார்த்தேன். 34 ஆண்டுகள் பீட் பார்த்திருக்கிறேன். என் பீட்டில் இருந்த ஒவ்வொரு வீட்டு வாசலும் எனக்குத் தெரியும். யார் வீட்டில் மணியார்டர் வரும், யார் வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் தெரியும். தண்ணீர் கேட்டால் மோராகவே கொடுப்பார்கள். ஆனால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று ஒரு வீட்டிலும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க முடியாது. காலையில் கிளம்பினால் மதியம் அலுவலகம் திரும்பும்வரை அடக்குவதுதான் வழக்கம். சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் உடம்பு அந்தப் பழக்கத்துக்கே போய்விட்டது. தம்பி முன்னே போயிருந்தாலும் பின்னே வந்திருந்தாலும் நான் நிறுத்தியிருப்பேன். ஆகவே அந்தப் பழியை அவர் சுமக்க வேண்டாம்.

ஆனால் தரங்கம்பாடியில் நடந்ததற்கு அவர்தான் பொறுப்பு. இரண்டு டீ என்று எழுதியிருக்கிறார். மேசையில் மூன்று டம்ளர் இருந்தது.

எங்கள் ஊருக்குப் போனதை அவர் எழுதாமல் விட்டுவிட்டார். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய அன்று கடைசி ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது, தம்பி சைக்கிளை ஓரங்கட்டி, செயின் கழன்றுவிட்டது, நீங்கள் போய்க்கொண்டிருங்கள் என்றார். நான் தனியாக ஊருக்குள் போய், அண்ணன் வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டு இறங்கி, எல்லாரிடமும் பேசி, கால் கழுவி உட்கார்ந்து, அரை மணி நேரம் கழித்து அவர் வந்தார். கையில் கிரீஸ் இல்லை.

மருத்துவர் ஐயா சொன்னபடி இந்த மாதம் போய்ப் பேசினேன். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கோட்டம் தம்பி சொன்ன 20 பல் ஃப்ரீவீல் பாரிமுனையில் கிடைத்தது, மாட்டியாயிற்று. அடுத்த தையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை, அந்த உப்பு நடைப்பயணம் போன வழியில் போகலாம் என்று நினைத்திருக்கிறேன். புதுகை அம்மாவிடம் ஒரு வேண்டுகோள்: அதிராம்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி வரை உங்கள் நோட்டில் இருக்கும் இடங்களை இங்கே எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.

தம்பி, என் காற்றுப் பம்பு உன் பையிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது மறக்காமல் கொண்டுவா.